ஒண்ணுமில்ல என்று சொல்லாதவர்

காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற எந்தத் தாயும் முதலில் டாக்டரின் வாயைத்தான் பார்ப்பாள். மருந்தும் ஊசியும் பிறகு. ‘ஒண்ணுமில்லம்மா’ என்று அங்கிருந்து ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும், பாதிக் காய்ச்சல் அங்கேயே இறங்கிவிடும். மில்லர்புரத்தில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருந்த குழந்தைகள் டாக்டரம்மா எல்லாம் செய்வார், அந்த வார்த்தையை மட்டும் சொல்லமாட்டார். என் மகள் அரசி கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து அவரிடம் போயிருக்கிறேன். ஒரு தடவைகூட அவர் வாயில் அது வந்ததில்லை.

ஒல்லியான உடம்பு. கஞ்சி போட்ட பருத்திச் சேலை. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். மேசைமேல் ஒரு பிளாஸ்க், பக்கத்தில் ஒரு டப்பா நிறைய உப்புக்கடலை. பிள்ளை உள்ளே நுழைந்ததும் நாற்காலியை விட்டு இறங்கி, ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்து, பிள்ளையின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொள்வார்.

“உன் பேரு என்ன? காலையில என்ன சாப்பிட்ட? இது யாரு, உன்னக் கூட்டிட்டு வந்தது?”

நாம் முந்திக்கொண்டு பதில் சொன்னால் ஒரு விரலைத் தூக்குவார். “உங்ககிட்ட கேக்கல.” பிள்ளைகள்மேல் அத்தனை பிரியம் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பிரியமும் இருந்தது. ஆனால் அந்தக் கேள்விகள் சோதனை. பேச்சு எப்படி வருகிறது, கண் எங்கே போகிறது, ஆளை அடையாளம் தெரிகிறதா என்பதையெல்லாம் அவர் அப்போதே பார்த்து முடித்திருப்பார்.

உப்பளம் வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் பேரனைக் கொண்டுவந்த அன்று நானும் வரிசையில் இருந்தேன்.

“நல்லாயிரும்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. வீட்டுல பொம்பளையள்லாம் அழுதுக்கிட்டு இருக்காவ.”

“நல்லாகத்தான் வாய்ப்பு அதிகம் அண்ணாச்சி. காலையில பாத்துட்டுச் சொல்லுதேன்.”

“அத இன்னிக்கே சொன்னா என்ன கொறஞ்சு போவும்?”

“காலையில மாத்திச் சொல்லவேண்டி வந்தா உங்க மொகத்த எப்படிப் பாக்க?”

அண்ணாச்சி பேரனைத் தூக்கிக்கொண்டு வேறு டாக்டரிடம் போய்விட்டார். விடிந்ததும் அவர் வீட்டுக்குப் போன் வந்தது. “பிள்ள தூங்கினானா? மூத்திரம் போறானா?” போனில் டாக்டரம்மாதான். அண்ணாச்சி இதைப் பல வருஷம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மெச்சினாரா, குறைப்பட்டுக்கொண்டாரா என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. துறைமுகத்தில், கப்பல் சரக்கை வெளியே எடுத்துக்கொடுக்கிற கிளியரிங் ஏஜென்சியில் வேலை. நாள் முழுக்க ஆமாம், இல்லை என்று பதில் வாங்கியே பழகிய மனுஷர். “ஏளா, அந்தம்மா பயங்காட்டியே ஆள அனுப்புது. எந்தக் கேள்விக்காவது நேரா பதில் சொல்லுதா?” என்பார்.

ஏன் இப்படி என்று ஒருநாள் நான் டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டேன். டாக்டரம்மா கடலையைக் கொறித்துக்கொண்டே சிரித்தார். “எல்லாரும் இதக் கேக்காவ. எங்கேயோ ஒரு பிள்ள செத்துப்போச்சு, அதுல இருந்து இப்படி ஆயிட்டேன்னு ஒரு கதைய எதிர்பாக்காவ. அப்படி ஒண்ணும் இல்ல. எங்க அப்பா நாசரேத்துல வாத்தியார். தெரியாததத் தெரிஞ்ச மாதிரி சொன்னா முதுகுல வைப்பாரு. அவ்வளவுதான்.”

கடைசியில் கிளினிக்கை மூடிவிட்டு அந்த நாசரேத்துக்கே, தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். போன வருஷம் அங்கேதான் இறந்தார். செய்தி வந்த அன்று அரசி சாப்பிட எழுந்து வரவில்லை. அரசிக்கும் அவருக்கும் நடுவே இருந்ததைச் சொல்லவேண்டுமென்றால் ஒரு மழைக்காலத்திலிருந்துதான் தொடங்கவேண்டும்.

அந்த மழைக்காலத்தில் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. ஏதோ ஒரு தெருவில் ஒரு பிள்ளைக்கு மூளைக்காய்ச்சலாம், கொசு கடித்துத்தான் வந்ததாம். எந்தத் தெரு, யார் பிள்ளை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் குரல் செய்திகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. பன்றியைப் பார்த்தால் விரட்டு, கொக்கைக் கண்டால் உள்ளே ஓடு, காய்ச்சல் பிள்ளையின் பக்கத்தில் உட்காராதே. சாதாரண சளிப் பிள்ளைகளையெல்லாம் தூக்கிக்கொண்டு சனம் கிளினிக்கில் குவிந்தது. டெஸ்ட் எடு, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடு என்று ஒரே கூச்சல். அரசியின் காதுவலிக்காகப் போய் நானும் அந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன்.

டாக்டரம்மா வெளியே வந்து படியில் நின்றார்.

“இது ஒரு பிள்ளைகிட்ட இருந்து இன்னொரு பிள்ளைக்கு ஒட்டாது. இந்தக் கிருமி பன்னி உடம்புலயும் கொக்கு நாரை உடம்புலயும் இருக்கும். அதுகளக் கடிச்ச கொசு நம்மளக் கடிச்சா வரும். வயக்காட்டுத் தண்ணியில பொறக்குத கொசு, பொழுது சாயும்போது கடிக்கும். அப்படிக் கடிபட்டவங்கள்ல ரொம்பப் பேருக்கு ஒண்ணுமே செய்யாது. சிலருக்குச் சாதாக் காய்ச்சல் மாதிரி வந்துட்டுப் போயிரும். எங்கேயோ ஒரு பிள்ளைக்குத்தான் மூளைக்குப் போவும். அந்த ஒரு பிள்ள எதுன்னு முன்னாலயே சொல்ல எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.”

“அப்ப பயப்படணுமா வேண்டாமா? அதச் சொல்லுங்க!” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

“பயந்து என்ன செய்யப்போறிய? பொழுது சாய முழுக்கைச் சட்டை போட்டு விடுங்க. வலை கட்டுங்க. காய்ச்சல் வந்தா பிள்ள பேசுத பேச்சக் கவனிங்க. இப்ப வீட்டுக்குப் போங்க.”

அன்று பாதிப் பேரை மருந்துகூட எழுதாமல் திருப்பி அனுப்பினார். எப்போதும் பயங்காட்டுகிறவர் என்று பேர் வாங்கியவரை அன்று ‘கொஞ்சங்கூட அக்கறை இல்லாத பொம்பள’ என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

நான் கணக்கு டீச்சர். ஒன்பதாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்துகிறேன். நாணயத்தைச் சுண்டி, பகடையை உருட்டி, அபூர்வமான நிகழ்ச்சி என்றால் என்ன என்று கரும்பலகையில் எழுதிக்காட்டுவேன். அவர் சொன்னதில் எனக்கு விளங்காதது எதுவும் இல்லை. அபூர்வம்தானே என்ற நிம்மதியோடு வீட்டுக்கு வந்தேன். அபூர்வம் என்றால் யாரோ ஒருவர் வீட்டில் நடக்கும் என்றுதான் அர்த்தம். அது மட்டும் அன்று என் மனசில் ஏறவில்லை.

அரையாண்டு லீவு விட்டதும் ஏரல் பக்கம் இருக்கும் என் மாமியார் வீட்டுக்குப் போனோம். வீட்டுக்குப் பின்னாலேயே வயல். நடவு முடிந்து தண்ணீர் நின்றது, வெள்ளை வெள்ளையாகக் கொக்குகள். அரசிக்கு அப்போது எட்டு வயசு. சித்தப்பா பிள்ளைகளோடு இருட்டும்வரை வரப்பில்தான் கிடந்தாள். முழுக்கைச் சட்டை போட்டுத்தான் அனுப்பினேன். அவள் அதை மடக்கிவிட்டுக்கொண்டு ஓடினாள்.

ஊர் திரும்பிப் பள்ளிக்கூடம் திறந்து சில நாளில் காய்ச்சல் வந்தது. தலைவலி, இரண்டு தடவை வாந்தி. வீட்டுக்காரர் வண்டியில் எங்களைக் கொண்டுபோனார். டாக்டரம்மா முக்காலியில் உட்கார்ந்து பேர் கேட்டார், காலையில் சாப்பிட்டதைக் கேட்டார். அரசி ஒழுங்காகப் பதில் சொன்னாள். பிறகு கழுத்து விறைத்திருக்கிறதா என்று தெரிய அவள் தலையைக் குனியவைத்து, மோவாய் நெஞ்சில் தொடுகிறதா என்று பார்த்தார். தொட்டது.

“லீவுக்கு எங்க போனிய?”

“ஏரல் பக்கம். இவங்க ஊரு.”

“வயக்காட்டுப் பக்கமா?”

“வீட்டுக்குப் பின்னாலயே வயல்தான் டாக்டர்.”

டாக்டரம்மா அரசியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “இந்தச் சீசன்ல வைரஸ் காய்ச்சல் நெறைய வருது. அதாத்தான் இருக்கும்னு நெனக்கேன். ஆனா மூளைக்காய்ச்சல் இல்லன்னு இப்ப சொல்லமாட்டேன்.”

வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. “டெஸ்ட் எடுத்துப் பாத்துச் சொல்லவேண்டியதுதான?”

“ரத்தத்துல இன்னிக்கு அது தெரியாதுங்க. பிள்ள இப்ப நல்லாப் பேசுதா. பேச்சு மாறினாலோ, ஆளத் தெரியலன்னாலோ, எழுப்ப எழுப்பத் தூங்கிக்கிட்டே இருந்தாலோ, எனக்குப் போன் போட்டுக் கேட்டுக்கிட்டு இருக்காதிய. தூக்கிட்டு வந்துருங்க.”

வெளியே வந்து வண்டியை உதைத்தபடி வீட்டுக்காரர் சொன்னார்: “இனி இந்தப் படி ஏறமாட்டேன்.”

மறுநாள் காலையில் கப்பல் வந்திருக்கிறது என்று துறைமுகத்துக்குப் போய்விட்டார். காய்ச்சல் கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்தது. கஞ்சி காய்ச்சி ஆற்றிக் கொடுத்தேன். அரசி கரண்டியில் கஞ்சியை எடுத்து, தலையணையின்மேல் ஊற்றி, கரண்டியின் பின்பக்கத்தால் பொறுமையாகத் தடவினாள்.

“என்னளா செய்யுத?”

“இதுக்குப் பசிக்குதுல்லா.”

விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்து, “டீச்சர், எங்கம்மா எப்ப வருவாவ?” என்றாள்.

என் பள்ளிக்கூடத்தில்தான் அவளும் படித்தாள். பள்ளிக்கூடத்தில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடவேண்டும் என்பது எங்களுக்குள் உள்ள பேச்சு. அதனால் அந்த ஒரு நொடி, இதுவும் விளையாட்டுதான் என்று நினைக்க எனக்கு இடம் இருந்தது. அவள் முகம் சிரிக்கவில்லை. “டீச்சர், எங்கம்மாகிட்ட சொல்லுங்க, வீட்டுக்குப் போவணும்.”

அவளை அள்ளிக்கொண்டு, செருப்புப் போடாமல், கதவைப் பூட்டாமல் ஓடினேன். வரிசையில் நின்றவர்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். டாக்டரம்மா ஒன்றும் கேட்காமல் முக்காலியை இழுத்துப்போட்டார்.

“உன் பேரு என்ன?”

அரசி அவர் தோளுக்கு அப்பால் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கை மெல்ல நடுங்கத் தொடங்கியது. பிறகு வாய் கோணியது. பிறகு உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுத்தது. டாக்டரம்மா அவளைத் தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்து மூக்கில் ஒரு மருந்தை அடித்தார். நான் அலறிக்கொண்டிருந்தேன். இழுப்பு அடங்கியதும் வாசலில் நின்ற ஆட்டோவைக் கூப்பிட்டு, காத்திருந்தவர்களிடம், “நான் வர நேரமாகும். அவசரம்னா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று சொல்லிவிட்டு எங்களோடு ஏறிக்கொண்டார்.

அரசியின் தலை அவர் மடியில், கால்கள் என் மடியில். முன்னால் உப்பு லாரிகள் வரிசையாக நின்றன. ஆட்டோக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

“பொழச்சிருவாளா டாக்டர்?”

“தெரியலம்மா.”

“ஒரு வார்த்தை சொல்லுங்களேன். நல்லாயிருவான்னு சொல்லுங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்கேன்.”

அவர் அரசியின் மூக்கருகே விரல் வைத்திருந்தார். “இப்ப மூச்சு நல்லா இருக்கு. அத என்னால சொல்ல முடியும்.”

கொஞ்ச தூரம் போனதும் நான் கேட்காமலே சொன்னார்: “மூச்சு நல்லா இருக்கு.” லாரிகளைத் தாண்டிய பிறகு மறுபடியும். வழி நெடுக, ஆஸ்பத்திரி வாசல்வரை, அதை மட்டும் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் அடுத்த தடவை சொல்லும்வரை நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முதுகுத்தண்டில் நீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். மூளைக்காய்ச்சல்தான் என்று முடிவு வந்தது. இதற்கென்று தனி மருந்து கிடையாது, வலிப்பு வராமலும் மூளை வீங்காமலும் பார்த்துக்கொள்வோம், மீதியை உடம்புதான் செய்யவேண்டும் என்று அங்கிருந்த டாக்டர்கள் சொன்னார்கள். அரசி கண்ணைத் திறக்கவே இல்லை. வந்து பார்த்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒண்ணும் ஆவாது என்றார்கள். மாமியார் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, பங்குனிக்குள்ள பிள்ள ஓடி விளையாடும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனை முடிந்து வெள்ளைச் சேலையோடு டாக்டரம்மா வந்தார். அரசியின் கண் இமையை விலக்கிப் பார்த்தார், பாதத்தைத் தட்டிப் பார்த்தார். கட்டிலின் அந்தப் பக்கம் நின்ற என் வீட்டுக்காரர், தூக்கமில்லாத குரலில், அவரிடம் முதல்முறையாக மரியாதையாகக் கேட்டார்.

“இதுக்குத் தடுப்பூசி உண்டாமே? நர்ஸ் சொல்லுதாவ. நெசமா?”

“உண்டு.”

“போட்டிருந்தா எம்பிள்ளைக்கு இது வந்திருக்காதா?”

நான் டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்தேன். தெரியலங்க என்று சொல்வார், அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

“வராம இருந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்” என்றார். “சில ஊர்ப்பக்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுதாவ. நம்ம பக்கம் இது அபூர்வம்னு நான் யார்கிட்டயும் அதப் பத்திப் பேசல. வயக்காட்டு ஊருக்கு லீவுக்குப் போற பிள்ளையளுக்காவது சொல்லியிருக்கணும். மழைக்காலத்துல அத்தன பேர் முன்னால நின்னு பேசினேன், அப்பக்கூட சொல்லல. அது என் குறைதான்.”

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் கட்டிலைச் சுற்றி வந்து கதவைக் காட்டினார்.

“வெளிய போங்க” என்றார்.

டாக்டரம்மா போனார். நான் தண்ணீர் பிடிக்க வெளியே வந்தபோது வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தார். அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்தார். உள்ளே வரவில்லை, அதே பெஞ்சு. நான்தான் போய் அன்றைய நிலவரத்தைச் சொல்வேன். அவர் கேட்டுக்கொள்வார். சில நாள் அவரைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. சில நாள் அந்தக் கட்டிடத்திலேயே என்னிடம் நிஜத்தைப் பேசுகிற ஒரே ஆள் அவர்தான் என்று தோன்றும்.

அரசி கண்ணைத் திறந்தாள். பல நாள் பேச்சில்லை. முதலில் வந்த வார்த்தை “தண்ணி.” வீட்டுக்கு வந்தபோது நடக்கச் சுவரைப் பிடிக்கவேண்டியிருந்தது. அம்மா என்று கூப்பிட்டாள். பேச்சு மெதுவாக, கல்லில் இடறி நடக்கிற மாதிரி வந்தது. வலது கை மட்டும் மணிக்கட்டில் மடங்கி, விரல்கள் உள்ளே சுருண்டு, அப்படியே நின்றுவிட்டது. தினமும் எண்ணெய் தேய்த்து, பயிற்சிக்குக் கூட்டிப்போனோம். பென்சிலை அந்த விரல்களுக்குள் செருகி, அது விழுந்து, மறுபடியும் செருகி, எத்தனையோ காலைகள்.

“எனக்கு முன்ன மாதிரி எழுத வருமாம்மா?”

“வரும்ளா.”

அப்பாவிடம் கேட்டாள். வரும் தாயி. ஆச்சியிடம் கேட்டாள். வராம எங்க போவும். பயிற்சி கொடுக்கிற பையனிடம் கேட்டாள். சூப்பரா வரும். பிறகு அவள் யாரிடமும் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதன் பிறகுதான் சாப்பிட மறுத்ததும், நோட்டைக் கிழித்துப் போட்டதும்.

ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள் அவளுக்கு உடம்பு சுட்டது. டாக்டரம்மாவிடம் போவோம் என்று அவளே சொன்னாள். வீட்டுக்காரர் வண்டியை எடுத்தார். கிளினிக் வாசலில் எங்களை இறக்கிவிட்டு, படி ஏறாமல், வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

தொண்டையைப் பார்த்து, நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து முடித்ததும் அரசி கேட்டாள்.

“டாக்டர், எனக்கு முன்ன மாதிரி எழுத வருமா?”

நான் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வேண்டாம் என்று கையைக் காட்டினேன். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். பிறகு அரசியின் வலது கையை எடுத்து ஒவ்வொரு விரலாக மெதுவாக விரித்துப் பார்த்தார்.

“இந்தக் கை கொஞ்சம் கொஞ்சம் வேலை செய்யும். தம்ளரப் பிடிக்கும், பையத் தூக்கும். ஆனா முன்ன மாதிரி எழுத வராதுன்னுதான் நெனக்கேன்.”

எனக்கு எழுந்து அவரை அறையவேண்டும் போல இருந்தது.

அரசி அழவில்லை. “அப்ப எல்லாரும் பொய்யா சொன்னாவ?”

“ஆசைப்பட்டுச் சொன்னாவ.”

அவள் மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் அங்கே கிடந்த பேனாவை இடது கையால் எடுத்தாள். மருந்துக் கம்பெனி அட்டை ஒன்றைத் திருப்பிப்போட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, எதையோ எழுதினாள். எழுதி அவர் பக்கம் தள்ளினாள். டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையை நேராகப் பிடித்தார், தலைகீழாகப் பிடித்தார்.

“என்னது இது?”

“ ‘அ’.”

“ ‘அ’ மாதிரி இல்லையே.”

“எனக்குந்தான் தெரியுது” என்றாள் அரசி. சொல்லிவிட்டுச் சிரித்தாள். சின்னச் சிரிப்பாக ஆரம்பித்து, அடக்கமுடியாமல், காய்ச்சல் முகம் சிவக்க, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்தச் சத்தத்தை நாங்கள் கேட்டதே இல்லை. டாக்டரம்மா இன்னொரு அட்டையைத் திருப்பி அவள் முன்னால் வைத்தார்.

வெளியே பிள்ளைகளோடு ஆட்கள் காத்திருந்தார்கள். கதவு திறந்தது. சத்தம் கேட்டு வீட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து நின்றார்.

“என்ன, என்னளா ஆச்சு?” என்றார் என்னிடம்.

அரசி தலையைத் தூக்கவில்லை. இரண்டாவது ‘அ’வைச் சுழித்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா எழுந்து, தன் நாற்காலியை இழுத்து வீட்டுக்காரர் பக்கம் போட்டார்.

அவர் உட்கார்ந்தார்.